ஃபங்ஷனல் புரோகிராமிங் மாநாட்டில் எந்தச் செயலமர்வுக்குப் பணம் கட்டுவது?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் கலைப்பிரிவு, பிறகு ஒரு டிப்ளோமா, இப்போது 2 வருடமாக வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு ஜாவாஸ்கிரிப்டில் முன்பக்க வேலை, அதாவது இணையத்தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. இந்தியாவில் நடக்கும் ஃபங்ஷனல் புரோகிராமிங் (இருக்கும் தரவைக் கலைக்காமல், சார்புகளைக் கோத்து நிரல் எழுதும் முறை) மாநாடு ஒன்றுக்குக் கம்பனி டிக்கெட் எடுத்துத் தருகிறதாம். ஆனால் மாநாட்டுக்கு முந்தின நாள் நடக்கிற முழுநாள் செயலமர்வுக்குச் சொந்தப் பணம்தான் கட்ட வேண்டும். மூன்று இருக்கின்றன: ஹாஸ்கல் என்ற மொழியின் தொடக்கநிலை, எலிக்ஸிர் என்ற மொழியில் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது, ப்ரொப்பர்ட்டி டெஸ்டிங். எதை எடுப்பது, கணக்கு வராத எனக்கு இது சரிவருமா, நேரில் போவதா ஒன்லைனில் சேர்வதா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "அங்கே வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்களாக இருப்பார்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. போய் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வருமோ என்ற பயம். மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். 15 வருடமாக மென்பொருள் வேலை, அதில் 6 வருடம் எலிக்ஸிர். ஹாஸ்கலை ஆசைக்காகப் படித்தேன், சம்பளத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஸ்காலா என்ற மொழியின் பக்கம் போனதே கிடையாது, அதைப் பற்றி யாராவது கேட்டால் வேறு ஆளைக் கேளுங்கள் என்பேன். ஏழெட்டுச் செயலமர்வுகளில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். 3 வருடமாக ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் ஒரு ஞாயிறு நானும் ஒன்று நடத்துகிறேன்.

முதலில் கணக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தொடக்கநிலைச் செயலமர்வுக்கு உயர்தரக் கணிதம் வேண்டாம். சாதாரண தரத்தில் சார்பு என்று ஒன்று படித்தோமே, இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று என்று கொடுத்து, எக்ஸுக்கு 4 போட்டால் 11 வரும் என்று. எத்தனை தடவை போட்டாலும் அதே 11தான். அவ்வளவுதான் அடித்தளம். அலொன்சோ சர்ச் என்ற கணித அறிஞர் 1930களில் இந்தச் சார்புகளை மட்டும் வைத்தே கணிப்பு முழுவதையும் சொல்லிவிடலாம் என்று காட்டினார். அவர் போட்ட லாம்டா என்ற குறிதான் இன்றைக்கு ஜாவாவிலும் பைத்தனிலும் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொனாட், ஃபங்க்டர் என்று சொற்கள் வரும். வரட்டும். முதல் நாளிலேயே அவற்றுக்கு வரைவிலக்கணம் சொல்லித் தொடங்குகிற ஆசிரியர் கிடைத்தால் அது அவருடைய குறை, உங்களுடையது அல்ல.

அடுத்து, நீங்கள் இதற்குப் புதியவர் இல்லை. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் வேலை செய்பவர் என்றால் ஸ்டேட்டை (திரை நினைவில் வைத்திருக்கும் தரவை) நேரடியாகத் தொட்டு மாற்றாதே, புதிய பிரதி ஒன்று கொடு என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். மேப், ஃபில்டர், ரெடியூஸ் என்று பட்டியல்களைக் கையாளும் சார்புகளைத் தினம் எழுதுகிறீர்கள். இதெல்லாம் ஃபங்ஷனல் வீட்டுச் சாமான்தான். எங்கே இடறும் என்றால், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு வீட்டிலும் கால் வைத்திருக்கிறது. மேப் போட்டால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். வரிசைப்படுத்த சோர்ட் போட்டால் பழைய பட்டியலே கலைந்துவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் ஜாவாஸ்கிரிப்டின் 2023 தரத்தில் டூசோர்ட்டட் என்று, பழையதைத் தொடாமல் புதியதைத் தருகிற ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு முழுநாள் செயலமர்வு உங்களுக்குத் தருவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தைத்தான்: இருப்பதைக் கலைக்காமல் புதியதை உண்டாக்குவது. மொழி எதுவானாலும்.

ஹட்டனில் நான் இதை எப்படிச் செய்ய வைக்கிறேன் என்று சொன்னால், செயலமர்வு என்றால் என்ன என்பது விளங்கும். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவத்தை எடுத்துக்கொள்வேன். காலை, பகல், அந்தி என்று ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு தடவையும் சாக்கு நிறையைக் கழிப்பார்கள், ஈரக் கொழுந்து என்று கொஞ்சம் கழிப்பார்கள். வருகிற பிள்ளைகளிடம் ஒரு பெண்ணின் ஒரு நாள் நிறையைக் கூட்டிக் காட்டச் சொல்வேன். எல்லோரும் முதலில் எழுதுவது ஒன்றேதான்: மொத்தம் என்று ஒரு பெட்டி, பூச்சியத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிறுவைக்கும் அந்தப் பெட்டியில் இருப்பதை அழித்துப் புதிய தொகையை எழுதுவது. சரியாகவே ஓடும். பிறகு சொல்வேன்: பகல் நிறுவையில் 14 கிலோவுக்குப் பதில் 4 என்று தட்டிவிட்டார்கள், அந்திக்குப் பிறகுதான் தெரிந்தது, திருத்துங்கள். பெட்டியில் கடைசித் தொகை மட்டும்தான் இருக்கிறது. எதில் தப்பு, எவ்வளவு தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவை பின் வரிசையில் இருந்த தம்பி எழுந்து, "எங்கம்மா நிறை எழுதின மூணு துண்டையும் முந்தானையில முடிஞ்சு வச்சிருப்பாங்க அண்ணே, சாயந்தரம் கூட்டிப் பாப்பாங்க" என்றான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. துண்டுகளைக் கிழிக்காமல் வரிசையாக வைத்துக்கொள், திருத்தமும் இன்னொரு துண்டாகவே வரட்டும், மொத்தம் என்பதை எங்கேயும் எழுதி வைக்காதே, கேட்கும்போது துண்டுகளில் இருந்து கூட்டிச் சொல். புத்தகத்தில் ஃபோல்ட் என்று போட்டிருப்பதும், ஜாவாஸ்கிரிப்டில் ரெடியூஸ் என்று இருப்பதும் இந்தக் கூட்டல்தான்.

அதே பயிற்சியில் இரண்டாவது படி. சாக்குக்கு 1 கிலோ கழிப்பது ஒரு சார்பு, ஈரத்துக்கு நூற்றுக்கு 10 கழிப்பது இன்னொரு சார்பு. (எண்கள் வகுப்புக்காக நான் வைத்தவை, எந்தத் தோட்டத்துக் கணக்கும் இல்லை.) இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடச் சொல்வேன். பாதிப் பேர் சாக்கை முதலில் கழிப்பார்கள், மற்றப் பாதி ஈரத்தை. 16 கிலோவுக்கு முதல் கூட்டத்துக்கு 13.5 வரும், இரண்டாம் கூட்டத்துக்கு 13.4. நூறு கிராம் எங்கே போனது என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சாக்குக்கும் ஈரம் கழித்தால் என்ன நியாயம் என்று விவாதம் வரும். நாளைக்கு மூன்று நிறுவை, மாதம் 25 நாள் என்றால் 7.5 கிலோ. சார்புகளைக் கோக்கும்போது வரிசை முக்கியம் என்று நான் பலகையில் எழுதியிருந்தால் ஒருவருக்கும் நினைவில் நின்றிருக்காது.

இனி உங்கள் மூன்றுக்கு வருகிறேன். என் தேர்வு ப்ரொப்பர்ட்டி டெஸ்டிங், ஒரு நிபந்தனையோடு. அது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். வழக்கமாக நாம் சோதனை எழுதுவது 16 கொடுத்தால் 13.5 வர வேண்டும் என்று. அப்படி நமக்குத் தோன்றின நாலு எண்களைத்தான் சோதிப்போம். இந்த முறையில் எண்ணைச் சொல்வதில்லை, விதியைச் சொல்கிறோம். கழித்த பிறகு நிறை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு விதி. துண்டுகளை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் மொத்தம் மாறக்கூடாது என்று இன்னொரு விதி. கருவி தானாகவே நூறு விதமான துண்டுகளை உண்டாக்கி விதியை உடைக்கப் பார்க்கும். உடைந்தால், உடைகிற மிகச் சின்ன உதாரணத்தைத் தேடிக் குறுக்கிக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். முதல் விதி உடனே உடைகிறது: தராசில் ஒன்றுமே வைக்காமல் பூச்சியம் என்று பதிந்தால், அதில் 1 கழித்தால் கழித்தல் 1. அதை யாராவது ஊகிப்பார்கள். இரண்டாவது விதி உடையும்போதுதான் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1, 0.2, 0.3 என்று அந்த வரிசையில் கூட்டிப் பாருங்கள், 0.6000000000000001 வரும். திருப்பி 0.3, 0.2, 0.1 என்று கூட்டினால் சரியாக 0.6. தசமங்களைக் கணினி இரண்டின் அடுக்குகளாக வைத்திருப்பதால் வருகிற வினை. கிலோவில் வைக்காமல் கிராமில் முழு எண்ணாக வைத்தால் தீர்ந்தது. நூறு நாள் யோசித்தாலும் அந்தச் சோதனையை நானாக எழுதியிருக்க மாட்டேன்.

இந்த முறை ஹாஸ்கலில் பிறந்தது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோன் கிளாசனும் ஜோன் ஹியூஸும் குவிக்செக் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இப்போது ஜாவாஸ்கிரிப்டுக்கு ஃபாஸ்ட்செக், பைத்தனுக்கு ஹைப்போதெசிஸ் என்று இதே மாதிரிக் கருவிகள் இருக்கின்றன. அதாவது மாநாடு முடிந்து வேலைக்குத் திரும்பினதும் உங்கள் கோடிலேயே பாவிக்கலாம். நிபந்தனை என்னவென்றால், அந்தச் செயலமர்வில் எந்த மொழி பாவிக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைத்தன் என்றால் போங்கள். ஹாஸ்கல் தெரிந்திருக்க வேண்டும் என்றால் வேண்டாம், இரண்டு புதியதை ஒரே நாளில் விழுங்க முடியாது.

ஹாஸ்கலை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஒரு மாநாட்டில் கூடிப் பேசி, ஆளுக்கொரு மொழி வைத்திருந்த ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஒன்றை உண்டாக்கத் தீர்மானித்தார்கள். முதல் அறிக்கை 1990இல் வந்தது. எண்ணத்தையே திருப்பிப் போடுகிற மொழி. ஆனால் ஒரு நாளில் டைப்புகள் (தரவின் வகைகள்), பட்டியல், 'இருக்கலாம் இல்லாமலும் போகலாம்' என்று சொல்கிற மேபி வரைக்கும்தான் போக முடியும். அதற்குப் பிறகு மூன்று மாதம் இரவில் ஒரு மணித்தியாலம் ஒதுக்க மனம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கரைந்துவிடும். எனக்கு முதல் தடவை கரைந்துதான் போனது. எலிக்ஸிர் என் சோறு, அதனால் பாரபட்சம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள்: பின்னால் ஓடுவது எரிக்ஸன் கம்பனி தொலைபேசி நிலையங்களுக்காக 1980களில் உண்டாக்கிய எர்லாங் என்ற மொழியின் இயந்திரம். வட்ஸ்அப்பின் சேவையகங்கள் எர்லாங்கில் எழுதப்பட்டவை. ஆயிரக்கணக்கான சின்ன வேலையாட்களை ஓடவிட்டு, ஒருவன் விழுந்தால் மேற்பார்வையாளன் இன்னொருவனைப் போடுவதை ஒரு நாளிலேயே கண்ணால் பார்த்துவிடலாம், உற்சாகமாக இருக்கும். ஆனால் நீங்கள் முன்பக்க வேலை செய்பவர். சேவையகம் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

விளம்பரக் குறிப்பை வைத்து நல்ல செயலமர்வைக் கண்டுபிடிக்க என்னிடம் உள்ள அளவுகோல் சொந்த அனுபவத்தில் வந்தது, விதி என்று எடுக்க வேண்டாம். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று போட்டிருக்க வேண்டும். ஆசிரியரைத் தவிரச் சுற்றி நடந்து பார்க்க ஒருவராவது இருக்க வேண்டும். பயிற்சிகள் முன்கூட்டியே பதிவிறக்கக் கிடைக்க வேண்டும். அதிலும் தோற்றுச் சிவப்பாகக் கிடக்கும் சோதனைகளை வெல்ல வைத்துப் பச்சையாக்கு என்ற மாதிரி இருந்தால் நூற்றுக்கு நூறு. என்ன நிறுவிக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். பேச்சாளரின் பெருமை ஒரு பந்தி, பயிற்சி பற்றி ஒரு வரி என்றால், அது நீளமான சொற்பொழிவு. லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பீர்கள், அவ்வளவுதான்.

நிறுவுவது என்றதும் என் கதை ஒன்று. முதன்முதலில் பெங்களூரில் ஒரு செயலமர்வுக்குப் போனபோது, அங்கே போய் இன்ஸ்டோல் பண்ணிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போனேன். என்னைப் போலவே நாற்பது பேர். ஹோட்டல் வைபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் டவுன்லோட் போட, சுற்றிக்கொண்டே இருந்தது. என்னுடைய முதல் புரோகிராம் ஓடும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் இருந்த ஓசூர்க்காரர் ஒருவர்தான் காப்பாற்றினார். என் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணமா என்று கேட்டார், இல்லை மலையகம் என்றேன், அது எங்கே என்றார். அதை விளக்கவே பத்து நிமிடம் போனது. தன் லெப்டொப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் சொல்ல மாட்டேன், நீங்க தட்டுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார். பாதி நாள் போயும் அன்றைக்குத்தான் அதிகம் படித்தேன்.

ஆகவே ஒரு வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் நிறுவுங்கள். ஹாஸ்கல் என்றால் ஜிஎச்சிஅப் என்ற நிறுவி இருக்கிறது, ஆனால் கம்பைலர் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்ப்பது) பெரிய சாமான், இரவு டேட்டாவில் போடுங்கள். எலிக்ஸிருக்கு எர்லாங்கும் சேர்ந்து வேண்டும். நிறுவினால் மட்டும் போதாது. பயிற்சிக் கோப்பை இறக்கி, அதன் துணை நூலகங்கள் எல்லாம் வந்து, ஒரு சோதனையாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பழைய 4 ஜிபி லெப்டொப் என்றால் எடிட்டரில் ஹாஸ்கல் உதவிச் செருகியை நிறுத்திவிடுங்கள், நினைவகத்தை அது தின்றுவிடும், டெர்மினலே போதும்.

நேரிலா ஒன்லைனிலா என்றால், முடிந்தால் நேரில். இந்தியாவுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இல்லை, அந்த வகையில் ஒன்லைன் வசதிதான். ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒருவர் வந்து திரையைப் பார்த்து "அந்த அடைப்புக்குறி" என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு பணம். ஒன்லைனில் அந்த ஆள் வருவதற்குள் வகுப்பு மூன்று படி தாண்டியிருக்கும். போதாததற்கு மஸ்கெலியா மழையும் கரன்டும். விமானச் செலவு கட்டாது என்றால் ஒன்லைனில் சேருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். வேலையிடத்தில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, வேறு ஒரு அழைப்பில் திரையைப் பகிர்ந்தபடி செய்யுங்கள். கட்டணம் கஷ்டம் என்றால் உதவித்தொகை உண்டா, தொண்டராக வந்து உதவினால் கட்டணக் கழிவு உண்டா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. ஒரு சதமும் இல்லாமல் கை பழக வேண்டுமானால், ஃபங்ஷனல் புரோகிராமிங்குக்கான சர்வதேச மாநாடான ஐசிஎஃப்பியை ஒட்டி நடக்கிற நிரலாக்கப் போட்டி இருக்கிறது. 1998 முதல் நடக்கிறது, 72 மணித்தியாலம், எந்த மொழியும் பாவிக்கலாம், வீட்டிலிருந்தே கூட்டாகச் சேரலாம். தொடக்கக்காரர்களுக்குக் கடினம்தான், நாங்கள் ஹட்டனில் இருந்து சேர்ந்தபோது முதல் கட்டத்தையே தாண்டவில்லை. ஆனால் மூன்று நாள் பிளேன்டீயும் ரொட்டியுமாக நன்றாக இருந்தது.

இனி அந்தக் கடைசி வரி. பெரிய ஆட்கள் வருவார்கள், உண்மைதான். ஆனால் தொடக்கநிலைச் செயலமர்வுக்கு இருபது வருட ஜாவாக்காரர் வந்தாலும் அவரும் அன்றைக்குத் தொடக்கக்காரர்தான், பெரும்பாலும் உங்களைவிட அதிகம் தடுமாறுவார், மறக்க வேண்டியது அவருக்கு அதிகம். நம் பிள்ளைகளிடம் நான் காண்கிற ஒரே குறை கேட்காமல் இருப்பது. எரர் வந்தால் திரையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வார்கள், ஆங்கிலம் தப்பிவிடுமோ, சிரிப்பார்களோ என்று. பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் சொல்லிக் கொடுக்கிற குறுக்குவழி: கேள்வியை உண்டாக்க வேண்டாம். கையைத் தூக்கி, திரையில் இருக்கிற எரரை அப்படியே வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கிலம் அதிலேயே எழுதியிருக்கிறது. வாசிக்கும்போதே பாதித் தடவை விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதனால் சம்பளம் கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். நான் பார்த்த அளவில் இங்கே வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும்தான், ஹாஸ்கல் என்று போட்டு ஆள் தேடுவது அபூர்வம். கூடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் கோடில் பிழை குறையும் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

மாநாட்டுக்கு முன் ஒரு தடவை கையைப் பழக்கிப் பார்க்க விரும்பினால் மாதத்தின் கடைசி ஞாயிறு ஹட்டனுக்கு வாருங்கள், காலை ஒன்பதரைக்குத் தொடங்குவோம். இந்தத் தடவை ஃபாஸ்ட்செக்கையே எடுக்கிறேன். மண்டபத்தில் இரண்டே பிளக்தான் இருக்கிறது, வீட்டில் எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் கொண்டுவாருங்கள்.